பச்சை எரியும் கட்டில்கள்

விடியும் நேரத்தில் ஆண்கள் வார்டில் முதலில் கண்விழிப்பது முதுகுவலிதான். படுத்துக்கிடப்பவர்களுடைய வலி அல்ல. அவர்களைப் புரட்டிப்போடுகிறவர்களுடைய வலி. ஜன்னலில் வெளிச்சம் தட்டுவதற்கு முன்பே வாயாடியும் பயில்வானும் வரிசையின் ஒரு முனையில் ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் விரிப்பை இழுத்துப் பிடிக்க, மற்றவர் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகொடுக்க வேண்டும். வேர்வையில் ரப்பர் ஷீட்டோடு ஒட்டிக்கொண்ட தோல் கிழியாமல் ஆளைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. காது மடங்கக் கூடாது, குதிகால் படுக்கையில் அழுந்தக் கூடாது. தனி ஆளாகச் செய்யப்போனால் நோயாளி விழுவார், இல்லையென்றால் ஆயா விழுவாள்.

வாயாடி அந்த வார்டின் ஆயா. அவள் பேச்சைக் கேட்டே பாதி நோயாளிகள் சாப்பிடுவார்கள் என்பதால் வந்த பெயர். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் உயிர்வாழ்கிறார்கள். பயில்வான் அட்டெண்டர். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் பறந்துவிடுவான் போன்ற உடம்பு, அதனால்தான் பயில்வான்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இரண்டு மணி நேரம் கடந்தால் சிவப்பு எரிந்து மணி அடிக்கும். நோயாளியைப் புரட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மணி நின்று பச்சை எரியும். நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைச் சோதித்துப் பார்த்த காலத்தில் வரிசைக்கு வரிசை கூடுதலாக ஆள் போட்டிருந்தார்கள். மணி அடித்தது, கை வந்தது. படுக்கைப்புண் வார்டை விட்டே ஓடிப்போனது. ஆஸ்பத்திரி முதலாளிக்குக் கண்ணாடியில் ஒரு விருது கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு முதலாளியா என்று கேட்காதீர்கள், இருக்கிறார்.

விருதை வாங்கிய கையோடு கூடுதல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். பெட்டிதான் வேலை செய்கிறதே, ஆள் எதற்கு? பெட்டி இருக்கிற தைரியத்தில் பழைய ஆட்களிலும் பாதிப்பேரைக் கழித்துக்கட்டினார். மணி மட்டும் நின்றபாடில்லை. சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் அலுவலகத் திரையில் தெரியும், அந்த ஷிப்டில் இருந்தவர்களின் சம்பளத்தில் கைவைப்பார்கள். மிச்சமிருந்தவர்கள் எத்தனை பேரைத்தான் தூக்குவார்கள்? விரல் தானாகவே கற்றுக்கொண்டது. போகிறபோக்கில் ஆளைப் புரட்டாமலே பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார்கள். திரையில் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. அதற்கடியில் முதுகுகள் அழுகின.

அன்று காலை டெய்லரின் கட்டிலுக்கு வந்தார்கள். பக்கவாதத்தில் ஒருபக்கம் விழுந்துபோன கனத்த மனிதர், பேச்சும் போய்விட்டது. பல நாளுக்குப் பிறகு அவரைப் புரட்டியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. இடுப்புக்குக் கீழே புண் குடைந்துபோய் உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

இரவில் யாரையும் தங்க விடமாட்டார்கள் என்பதால் அவருடைய மகள் விடிந்ததும் ஓடிவந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். அப்போதுதான் வந்திருந்தாள். புண்ணைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு வாயாடியைப் பார்த்தாள்.

"வரும்போதெல்லாம் பச்சைதானேக்கா எரிஞ்சுது? பச்சை எரியுதேன்னு நிம்மதியா வேலைக்குப் போனேனே!"

வாயாடி குனிந்து புண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள்.

விஷயம் மேலே போனது. முதலாளி அவளையும் பயில்வானையும் தன் அறைக்கு வரவழைத்தார்.

"மெஷின் புரட்டியாச்சுங்குது. புண்ணு புரட்டலைங்குது. பொய் சொன்னது யாரு?"

"நான்தான் சார். புரட்டாமலே அமுக்கினேன்."

"ஒத்துக்கிட்டியே, சந்தோஷம். நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்."

பயில்வான் ஓரடி முன்னால் வந்தான். "நானும் அமுக்கினேன் சார். எல்லாருமே அமுக்கினோம்."

"அதுக்குத்தான் புது மெஷின் வருது. கைரேகை வச்சாதான் மணி நிக்கும். இனிமே ஒருத்தரும் ஏமாத்த முடியாது."

"கைரேகைக்கு ஒரு விரல் போதும் சார்" என்றாள் வாயாடி. "ஆளைத் தூக்கக் கை வேணும். வேலையை விட்டு நிறுத்தினவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."

"ஆள் போட்டா செலவும்மா. மெஷின் போட்டா முன்னேற்றம். உனக்கு இதெல்லாம் புரியாது."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. விருது அவருக்கு, புண் டெய்லருக்கு, பழி அவளுக்கு.

துணி அடுக்கும் அறையில் ஷிப்ட் முடிந்தவர்களும் வந்தவர்களும் கூடினார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். வாயாடி மட்டும் கடைசியில் பேசினாள்.

"என் வேலை போனது போகட்டும். அந்தப் பொண்ணு கேட்டதுதான் நெஞ்சை அறுக்குது. இனிமே புரட்டாம யாரும் அமுக்காதீங்க."

"மணி அடிச்சுக்கிட்டே இருக்குமே?"

"அடிக்கட்டும். எவ்வளவு ஆள் குறையுதோ அவ்வளவு சத்தம் வெளியே கேக்கட்டும்."

"சம்பளத்தைப் பிடிப்பாங்களே" என்றான் பயில்வான். அவன் மனைவிக்கு நிறைமாதம். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "சரி, முதுகுதான் எப்பவோ போயிடுச்சு, சம்பளமும் கூடப் போகட்டும். ஆனா இவ வேலை போகக் கூடாது. ஆள் கேக்கும்போது அதையும் சேத்துக் கேப்போம்."

வாசலில் நின்றிருந்த சிஸ்டரை அப்போதுதான் கவனித்தார்கள். எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. வார்டுக்கு அவள்தான் பொறுப்பு.

"மேலேருந்து போன் வந்தா என்ன சிஸ்டர் சொல்வீங்க?" என்றான் பயில்வான், பயந்துகொண்டே.

"காது கேக்கலைன்னு சொல்றேன். அந்த மணிச் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

முதல் மணி அடித்தது. அமுக்க யாரும் ஓடவில்லை. வாயாடியும் பயில்வானும் முனைக் கட்டிலிலிருந்து முறையாகப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வரிசையில் சிஸ்டர் இறங்கினாள். ஒரு கட்டிலை முடிப்பதற்குள் நாலு கட்டிலில் சிவப்பு எரிந்தது. நோயாளிகளின் உறவுக்காரர்கள் என்னவென்று கேட்டார்கள், இவர்கள் புரட்டிக்கொண்டே சொன்னார்கள். கேட்டவர்களில் சிலர் திட்டினார்கள். சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து தூக்க வந்தார்கள்.

முதலாளி இறங்கி வந்தபோது வார்டு முழுக்க அலறிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க இதை!" என்று கத்தியபடி, எதிர்ப்பட்ட முதல் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். அது டெய்லரின் கட்டில். அன்றைக்கு வேலைக்குப் போகாத மகள் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டாள்.

"முதல்ல அப்பாவைப் புரட்டுங்க சார். அப்புறம் அமுக்குங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவர் கையும் சும்மா இல்லை. வேறு வழியில்லாமல் டெய்லரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். கனத்த உடம்பு அசையவில்லை. டெய்லர் அவரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தனியா முடியாது சார்" என்றாள் வாயாடி, நாலு கட்டில் தள்ளியிருந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அதைத்தான் காலையில சொன்னோம். விடுங்க, வரிசையா வந்துக்கிட்டிருக்கோம்."

அவர் கையை எடுத்துக்கொண்டு மாடிக்குத் திரும்பினார். படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே பெண்கள் வார்டுக்கு இவர்கள் யாரும் சொல்லியனுப்பவில்லை. அங்கேயும் மணி அடித்தது. அதை யாரும் அமுக்கவில்லை.