திருப்பித் தந்த கான்

வீரபாகுவின் சின்ன இஞ்சினுக்குப் புதுப் பிஸ்ரன் போட்டு ஒரு கிழமையும் ஆகவில்லை. பழையது சிக்கிக்கொண்ட நாளிலிருந்து அவரும் மனைவி மீனம்மாவும் அலம்பில் கரையில் மற்றவர்களுக்கு வலை சிக்கெடுத்துக் கொடுத்துத்தான் சீவித்தார்கள். இருந்த நகையும் பிஸ்ரனோடு போய்விட்டது. இதுவும் போனால் படகை விற்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் களைப்பு.

தண்ணீரூற்று ஊரில் இஞ்சின் திருத்துகிற ஹமீட், அதைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

“அண்ணன், புதுப் பிஸ்ரன் புதுச்செருப்பு மாதிரி, கடிக்கும். பெற்றோல் ஒரு லீற்றருக்கு இருபது மில்லி ஓயில்தான் கணக்கு. கொஞ்ச நாளைக்கு நாற்பதாய் விடுங்கோ. முழு வேகத்தில ஓடாதேங்கோ. புகைக்கும், பறவாயில்லை. புகைச்சால் சந்தோசப்படுங்கோ.”

“புகையைக் கண்டு சந்தோசப்படச் சொன்ன முதல் ஆள் நீர்தான்” என்றார் வீரபாகு.

“ஓயில் கூடிப்போனால்?” என்று மீனம்மா கேட்டாள்.

“பிளக் கறுக்கும் அக்கா, துடைக்கலாம். குறைஞ்சால் துடைக்க ஒண்டும் மிஞ்சாது.”

கலக்கிற வேலை எப்போதும் மீனம்மாவுடையது. யுத்தம் முடிந்து இருந்த செட்டிகுளம் முகாமில் மகளுக்குப் பாணி மருந்து கொடுத்த அளவு மூடி இன்னும் அவளிடம் இருந்தது. மகள் இப்போது கலியாணம் முடித்து நெடுங்கேணியில். அந்த மூடியால்தான் ஓயிலை அளப்பாள். பெற்றோல் கொண்டுபோகிற கறுத்தக் கானுக்குள் முதலில் கொஞ்சம் பெற்றோல், பிறகு ஓயில், குலுக்கி, மிச்சப் பெற்றோல். பிள்ளைக்கு அளந்த கை, அதனால் ஒரு துளியும் கூடக் குறைய விழாது.

இரண்டாம் நாள் வீரபாகு கடலில் நின்றபோது, தூரத்தில் ஒருவன் சட்டையைத் துடுப்பில் கட்டி ஆட்டினான். பக்கத்து வளவுக் கிருசாந்தன். பத்து வயதில் இருந்தே வீரபாகுவை மாமா என்று கூப்பிட்ட பெடியன்; கட்டாரில் உழைத்துவிட்டு இந்த வருசம்தான் திரும்பிப் படகும் புது இஞ்சினும் எடுத்திருந்தான்.

“மாமா, பெற்றோல் முடிஞ்சுபோச்சு!”

“கட்டாரில பெற்றோல் கிணறே கிடக்காம். ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்திருக்கலாமே மருமோன்!”

சிரித்துக்கொண்டே கறுத்தக் கானைத் தூக்கிக் கொடுத்தார். கடலில் கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்கிற வழக்கம் அந்தக் கரையில் கிடையாது. எடுத்தவன் அதே கானில் அதே அளவு விட்டு, விடியுமுன் கொடுத்தவரின் படகடியில் வைத்துவிட்டுப் போவான். கொடுத்தவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்ப்பது, வைத்தவனைக் கள்ளன் என்பதற்குச் சமம்.

மறுநாள் விடியற்காலையில் கான் படகடியில் இருந்தது. தூக்கிப் பார்த்தால் நிறை சரி.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா திறந்து மணந்து பாப்பமே?” என்றாள் மீனம்மா.

“விசரே உனக்கு? அவன்ர தாய் அங்க முத்தம் கூட்டிக்கொண்டு நிக்கிறா. பாத்தால் என்ன நினைப்பா?”

மீனம்மா திரும்பிப் பார்த்தாள். தாய்க்காரி விளக்குமாறோடு நின்று கை காட்டினாள். மீனம்மாவும் கை காட்டினாள். மணந்து பாராமலே, கானிலிருந்தது அப்படியே இஞ்சினின் பெற்றோல் தாங்கிக்குள் போனது.

கயிற்றை இழுத்ததும் இஞ்சின் பிடித்தது. தாங்கியில் கிடந்த பழைய மிச்சத்துக்குக் கொஞ்ச நேரம் புகைத்தது. இரண்டு நாளாக அந்தப் புகைக்கு இருமி இருமி மீனம்மாவுக்கு நெஞ்சு நொந்திருந்தது. இன்றைக்குப் புகை மெலிந்துகொண்டே போனபோது, அப்பாடா என்று மூச்சுவிட்டாள். படகு அலை தாண்டியது. பின்னால் ஒரு நூல் புகைகூட இல்லை. வெளிச்சத்தில் கடல் துடைத்துவிட்டது போல இருந்தது.

அப்போதுதான் ஹமீட் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. புகைச்சால் சந்தோசப்படுங்கோ.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினாள். அலை அதைக் கரையிலேயே போட்டுவிட்டது. கைபேசியில் அழைத்தாள். அவருடைய கைபேசி பொலித்தீன் பைக்குள், வலைக்குக் கீழே அடித்துக்கொண்டு கிடந்திருக்கும். திரும்பத் திரும்ப அழைத்தாள். இஞ்சின் சத்தம் ஒருமுறை கனத்து, கீச்சிட்டு, அறுந்துபோனது.

கரை முழுக்க அலைச் சத்தம் மட்டும். மீனம்மா மணலில் இருந்துவிட்டாள்.

கிருசாந்தன்தான் போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தான். வரும்போது சிரித்துக்கொண்டு வந்தான்.

“மாமாவுக்கும் பெற்றோல் முடிஞ்சுதாக்கும்!”

வீரபாகு இறங்கி, கானின் அடியில் கிடந்த துளியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வழுவழுப்பு இல்லை. காய்ந்து பறந்தது.

“தம்பி, இதுக்குள்ள நீ ஓயில் விடேல்லையோ?”

“ஓயிலோ? என்ர இஞ்சினுக்குக் கலக்கிறேல்ல மாமா. அதுக்கு ஓயில் வேற இடத்தில. வெறும் பெற்றோல்தான்.” சிரிப்பு நின்றது. “நீங்கள் தந்ததும் பெற்றோல் எண்டுதான்... அண்டைக்கு என்ர இஞ்சின் புகைச்சதுதான். பழைய பெற்றோலாக்கும் எண்டு விட்டிட்டன்.”

அவன் தாய் விளக்குமாறு விழுந்ததும் தெரியாமல் ஓடி வந்து நின்றாள்.

“ஒருக்கா மணந்திருக்கலாமே மாமா” என்றான் கிருசாந்தன். “நான் கோவிச்சிருக்க மாட்டனே.”

“நீ கோவிக்க மாட்டாய்” என்றார் வீரபாகு. “எனக்குத்தான் ஏலாமல் போச்சு.”

பின்னேரம் ஹமீட் வந்து இஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பழந்துணியில் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியுமுன், பழக்கத்தில் மீனம்மாவுக்கு விழிப்பு வந்தது. எழும்பி ஓயில் போத்தலையும் அளவு மூடியையும் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. வாசலில் அப்படியே நின்றாள்.

கரையில் கிருசாந்தனின் படகு வீரபாகுவின் வலைகளை ஏற்றிக்கொண்டு நின்றது. அவன் எப்போது வந்து ஏற்றினான் என்று தெரியவில்லை.

“மாமா, வாங்கோ. பாதிப் பாதி. உங்கட இஞ்சின் எழும்புமட்டும்.”

“எழும்பாட்டில்?”

“எழும்பாட்டிலும் வாங்கோ.”

வீரபாகு சறத்தை மடித்துக் கட்டினார். படகில் ஏறப் போனவர், கிருசாந்தனின் கானைத் தூக்கி, எல்லோரும் பார்க்க மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

“இப்ப சரியோ மாமா?”

“சரி. இழு கயிற்றை.”

மீனம்மா அளவு மூடியைக் கழுவி, ஓயில் போத்தலின் தலையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு போய்ப் படுத்தாள். கொஞ்சம் படுக்கலாம் போல இருந்தது.