அவரை மட்டும் பாராட்டாத சுவர்

அந்த வீட்டின் சமையலறைச் சுவர் முதன்முதலாக வாய் திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. "தளர்ந்துபோன குக்கர் வளையத்தைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்தீங்களே, நல்ல யோசனை" என்றது. வங்கியில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற மாதிரிக் குரல், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்காரி அலறவில்லை, கரண்டியைக் கீழே போடவும் இல்லை. "இதைக் கேக்குறதுக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து தன் கணவரிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது, "உங்ககிட்ட பேசுறதுக்கு அந்தச் சுவர்கிட்ட பேசலாம்" என்று சொல்லிவந்தவள் அவள். அலுவலகங்கள் ஒரு மனுவுக்கு எடுத்துக்கொள்கிற காலத்தைச் சுவரும் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

கணவருக்கு என்ன தொழில் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. அவர் ஊக்கப் பயிற்சியாளர். கம்பெனி கம்பெனியாகப் போய், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகிக் கிடக்கும் ஆட்களை எழுப்பி நிற்கவைத்து, பக்கத்தில் இருப்பவர் முதுகைத் தட்டி "நீ அபாரம்!" என்று சொல்லவைப்பது அவர் வேலை. ஒரு செருப்புத் தொழிற்சாலையில் நாற்பது பேரை ஒரே நேரத்தில் அழவைத்தவர் என்று பெயர் வாங்கியவர். வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் காலையில் ஒவ்வொருவரும் நன்றியோடு நினைக்கும் மூன்று விஷயங்களை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். பார்சல் அலுவலகத்தில் முகவரி பிரிக்கும் வேலைக்கு ஓடுகிற மனைவி ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே எழுதுவாள்: "தண்ணீர் வந்தது. பஸ் வந்தது. அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார்." பயிற்சியாளர் அதைப் படித்துப் பார்க்காமலே பச்சை மையில் டிக் போட்டார்.

சுவர் பேசுகிறது என்பது வீட்டில் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளிடம், "பிளாஸ்க்கைக் கழுவிக் கவுத்து வச்ச, அதுல வாடை வராது" என்றது. சிலிண்டர் போட வந்தவரிடம், தரையில் இழுக்காமல் தூக்கி வைத்ததற்கு இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னது. ஜன்னல் வழியாக வந்த பூனைகூட, எதையும் தட்டிவிடாமல் திரும்பிப் போனதற்குப் பாராட்டு வாங்கியது. பயிற்சியாளருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவர் காபி கலந்தார், கலந்துவிட்டுச் சுவரைப் பார்த்து இருமினார். கையை விரித்து, தன்னுடைய மிகப் பிரபலமான உரையை முக்கால் மணி நேரம் சுவருக்கே நிகழ்த்திக் காட்டினார். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. மகள்தான் பரிதாபப்பட்டு, "அப்பா, அது சும்மா சொல்லாதுப்பா. ஏதாவது செஞ்சாத்தான் சொல்லும்" என்றாள்.

இதுவரைக்கும் அவருக்கு வெறும் மானப் பிரச்சினைதான். அதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. மனைவி அவரிடம் குறைபட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். முதல் மாதம் அது தன் பயிற்சியின் பலன் என்று நினைத்து ஒரு கூட்டத்தில் உதாரணமாகக்கூடச் சொன்னார். இரண்டாவது மாதம் கவனித்தார்: அலுவலகத்தில் கிறுக்கலான முகவரி ஒன்றை அவள் மட்டும் படித்துவிட்ட கதை, மேலதிகாரி தும்மிய கதை, எல்லாம் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தன. சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தால், "என்ன வேணும், சர்க்கரையா?" என்று கேட்டு டப்பாவை எடுத்து நீட்டினாள். சண்டைகூட மிச்சமில்லாத வீட்டில் அவர் பச்சை மைப் பேனாவோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியை ஒரு சுவரிடம் பறிகொடுத்தவன் என்று வெளியில் சொல்லி அழவும் முடியாது.

ஆகவே, சுவரை இடித்துச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கிவிடலாம், இப்போது அதுதான் நாகரிகம் என்று சொல்லி, மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் சுத்தியலின் பின்பக்கத்தால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். "பூச்சு உள்ள பொள்ளலா இருக்குற இடத்தை மூணாவது தட்டுலயே கண்டுபிடிச்சிட்டீங்க. நல்ல கை" என்றது சுவர். முப்பது வருடமாக "ஏன் இவ்வளவு நேரம்?" என்பதைத் தவிர வேறெதையும் கேட்டிராத மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், வேற ஆளைப் பாருங்க" என்றார். போவதற்கு முன் அந்தப் பொள்ளலைப் பூசியும் கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு வழி தெரியாமல் பயிற்சியாளர் எதிரியின் உத்தியைப் படிக்க முடிவு செய்தார். சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். உத்தி ஒன்றும் பெரிதாக இல்லை. சுவர் நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவரும் பார்த்தார். மனைவி கத்தியைக் கழுவினால் கூர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி வைப்பதையும், மகளின் டப்பாவை மூடுமுன் நீராவி போவதற்காகச் சற்றுத் திறந்து வைப்பதையும், தனக்கென்று எடுப்பது எப்போதும் கைப்பிடி உடைந்த கோப்பை என்பதையும் பார்த்தார். பத்தொன்பது வருடம் அதே வாசல் வழியாகத்தான் போய்வந்திருக்கிறார். நான்காம் நாள் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார். எழுத வெட்கமாக இருந்தது.

மழையில் உப்பி இறுகிப்போன மேஜை இழுப்பறையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெழுகுவத்தித் துண்டால் ஓரமெல்லாம் தேய்த்து அவள் திறந்தாள். சுவர் பேசவில்லை. பயிற்சியாளரின் வாய் தானாகத் திறந்தது. "மெழுகு தேச்சது நல்ல யோசனை."

அவள் திரும்பிப் பார்க்காமலே, "ரொம்ப நன்றி" என்றாள் சுவரிடம். "என்ன, இன்னைக்குக் குரல் கம்மியிருக்கு? ஈரம் இறங்கிடுச்சா?"

முந்நூறு மேடைகளில் மைக் பிடித்தவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "நான்தாம்மா" என்றார்.

அவள் திரும்பினாள். முகவரி சரியாகத் தெரியாத பார்சலைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க, அடையாளம் தெரியல." அவர் மறுபடி சொன்னார், முதல் தடவையைவிட மோசமாக வந்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபத்தை முதலில் அனுப்பினாள். "இதைச் சொல்லிக்குடுக்க ஒரு சுவர் வரணுமாங்க?" என்று கேட்டுவிட்டு, அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவர் அந்த இழுப்பறையைத் தேவையில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்பது வருடங்கள் போயின. நோட்டு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து இறங்கியது, மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள், சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தார்கள். சுவர் தன்பாட்டுக்கு எல்லாரையும் பாராட்டியது, அவரைத் தவிர. பாத்திரம் கழுவுவது அவர் வேலை என்றாகிவிட்டிருந்த ஒரு மாலையில், அடிப்பிடித்த பால் பாத்திரத்தை அரை மணி நேரம் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

"வெளிப்பக்கமும் தேச்சிருக்கீங்க போல. பளிச்சுன்னு இருக்கு."

அவர் சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "அங்க என்ன பார்க்குறீங்க?" என்றாள் மனைவி, கைப்பிடி உள்ள கோப்பையில் காபியோடு வாசலில் நின்றபடி. "நான்தாங்க சொன்னேன்."