தெலுக் ஆயரில் திறக்காத பெட்டி

சாவி உள்ளே போயிற்று, கால் சுற்றுத் திரும்பியது, அங்கேயே நின்றுவிட்டது. பதுருன்னிசா அதை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டாள். அதே கால் சுற்று.

அக்கரைச் சீமையின் தெலுக் ஆயர் தெருவில், நாகூர் தர்காவின் பெயரிலேயே கட்டிய தர்காவின் வாசலை ஒட்டி அந்த இரும்புப் பெட்டி இருந்தது. நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுகிறவர்கள் இங்கே ஃபாத்திஹா ஓதிவிட்டுத்தான் துறைமுகத்துக்குப் போவார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான கட்டடம். கட்டிய காலத்தில் கடல் எதிரிலேயே இருந்தது. பிறகு அதைத் தூர்த்துத் தெருக்கள் போட்டார்கள். இந்த 1957-இலும் பயணக்காரர்கள் வருவது நிற்கவில்லை.

நாகூருக்கென்று உறவுக்காரர்கள் கொடுத்தனுப்பிய பச்சைப் போர்வையை உள்ளே வைக்கத்தான் அவள் பெட்டியைத் திறக்கப் பார்த்தாள். தங்கை நிக்காஹுக்கான கருகமணியும் புடவைகளும் அதில்தான் இருந்தன. சுங்கத்தில் திறந்து காட்டாத பெட்டி கப்பலேறாது.

கணவன் ரவூபின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "நாம உள்ள போனப்ப இங்க யாரு இருந்தா? அவன்தானே. கம்பிய விட்டு நோண்டியிருக்கான்."

அவன் என்றது அப்துல் அலீமை. அதே கப்பலில் வருகிறவன். இரண்டு நாள் பழக்கம். அவர்கள் தொழுது வரும்வரை பெட்டிக்குக் காவல் இருந்தான்.

"எதுக்கு நோண்டணும்?"

"எடுக்க. இல்லாட்டி எதையாச்சும் ஒளிச்சு வைக்க. சுங்கத்துல புடிச்சா, பெட்டியில இருக்கிறது உங்க பேருதானே."

ரவூப் அலீமின் சட்டைப்பையைப் பார்த்தான். உப்பியிருந்தது.

"பாக்கெட்ல என்னப்பா?"

"பீடி, நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி எடுத்துக் காட்டினான்.

"பெட்டி தொறக்க மாட்டேங்குது."

"அதுக்கு என் பாக்கெட்டையா பாக்குறது?" அலீமின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் எங்கயும் ஓடல லா. ஆளக் கூப்பிட்டுப் பூட்ட உடைங்க. அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்." பெட்டியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

"எந்திரி" என்றபடியே பதுருன்னிசா சாவியை முறுக்கினாள். அது முழுச் சுற்றுப் போயிற்று.

அலீம் எழுந்ததும் மூடி தானாக இரண்டு விரற்கடை மேலே வந்தது. கருகமணி இருந்தது. புடவைகள் இருந்தன. அந்நியமாக எதுவும் இல்லை. மேலே, காலையில் அவளே திணித்த மூன்று பிஸ்கட் டின்கள்.

ரவூப் மூடியை அழுத்தியும் விட்டும் பார்த்தான். மூடியிலிருந்து தொங்கும் வளையத்துக்குள் பூட்டின் நாக்கு நுழைந்து நிற்கிறது. சாமான் மூடியை மேலே தள்ளினால் வளையமும் மேலேறி நாக்கை இறுக்கிக்கொள்ளும். சாவியின் வலு அதை இழுக்கப் போதாது. காலையில் பூட்டும்போது ரவூபேதான் மூடிமேல் முழங்காலை ஊன்றியிருந்தான்.

"தப்பா நெனச்சுட்டேன், தம்பி" என்றாள் பதுருன்னிசா.

"ரெண்டு நாள் பழக்கந்தானே, ராத்தா. உங்க இடத்துல நானும் அப்படித்தான் பாத்திருப்பேன்." பீடியைப் பையில் போட்டுக்கொண்டான். "சுங்கத்துலயும் நான்தான் உக்காரணுமா?"

"வேற யாரு? எங்க ரெண்டு பேர விட நீதான் கனம்" என்றான் ரவூப்.

போர்வையை வைத்து அப்படியே பூட்டினார்கள். ஒருவர் மூடிமேல் உட்கார வேண்டும். அவர் எழுந்திருக்குமுன் மற்றவர் சாவியைத் திருப்ப வேண்டும்.