சுருளிவேல் விட்டுப்போன ஆட்டம்

ஒரு நாலணாவுக்கு ஐந்து குண்டு. வாளையார் செக்போஸ்டை ஒட்டி மத்தியாஸ் நடத்திய டீக்கடையில் குண்டு மெஷினை இறக்கி வைத்த அன்று கோயமுத்தூர் கம்பெனி ஆள் சொன்ன பேச்சு அது. அந்தப் பேச்சை நம்பித்தான் நான் காசு போட ஆரம்பித்தேன். பிற்பாடு டி.வி. பெட்டி மாதிரி மெஷின்கள் வந்தன, அவற்றையும் விடாமல் ஆடினேன். ஆனால் ஆட்டக்காரனுக்கும் மெஷின்காரனுக்கும் நடுவில் நியாயம் என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால், எனக்கு இன்னும் அந்தக் குண்டு மெஷின்தான் கண்முன் வந்து நிற்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி. ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, அங்கங்கே நிற்கும் தூண்களில் முட்டி மணியடித்துக்கொண்டு கீழே உருண்டு வரும். கீழே இரண்டு சின்ன மட்டைகள். பொத்தானை அமுக்கினால் மட்டை குண்டைத் திரும்ப மேலே அடிக்கும். தவறவிட்டால் குண்டு குழியில் விழுந்துவிடும். நிறையப் புள்ளி எடுத்தால் மெஷினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம், காசு போடாமல் ஆடலாம் என்று அர்த்தம். கையில் எத்தனை ஆட்டம் இருக்கிறது என்பதை ஒரு சின்னச் சன்னலில் எண் காட்டும். கரண்டு போனாலும் அந்த எண் அழியாது.

தோற்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. கஞ்சிக்கோட்டில் இரும்புப் பட்டறையில் வேலை, பகலெல்லாம் உலைக்கு முன்னால் நின்று தீய்ந்துவிட்டுத்தான் ஆட வருவேன். என் கை தப்பிக் குண்டு விழுந்தால் அது என் தோல்வி. ஆனால் மெஷினின் பின்கால்களுக்கு அடியில் பலகைத் துண்டைச் சொருகி, குண்டு தலைதெறிக்க ஓடிவந்து விழும்படி செய்துவிட்டு, அதே நாலணாவை வாங்குவது வேறு. மட்டை நொண்டியடிக்கும்போது மாதக்கணக்கில் பழுது பார்க்காமல் வசூலுக்கு மட்டும் வந்து போவதும் வேறு. "காசு போடச் சொல்லி உங்களை யாருங்க கூப்பிட்டாங்க?" என்பான் கம்பெனி ஆள் பெரியமுத்து. "நீங்கதானுங்க. வெளக்குப் போட்டு மணியடிச்சுக் கூப்பிட்டது நீங்கதான்" என்பேன். நான் வாயைத் திறந்தால் கடையில் எல்லோரும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

சுருளிவேல் மட்டும் சிரிப்பான். பீர்மேட்டிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போய்வருகிற லாரி டிரைவர். எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். என்னைவிட இளையவன், என்னைவிட நன்றாக ஆடுவான். மெஷினை அளவுக்கு மீறிக் குலுக்கினால் விளக்கெல்லாம் அணைந்து அந்தக் குண்டு செத்துப்போகும். நான் குலுக்கிக் குலுக்கிப் பாதி ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வேன். அவன் இடுப்பால் லேசாக ஒரு தள்ளு தள்ளுவான். விளக்கு அணையாது, குண்டு மட்டும் வழி மாறும். அந்தத் தள்ளு எனக்கு வரவே இல்லை.

"மெசினத் திட்டாதீகண்ணே. அது என்ன செய்யும்? வச்சவன் வச்ச மாதிரி ஓடுது" என்பான்.

செக்போஸ்டில் லாரி நம்பரைக் கூப்பிட்டால் டிரைவர் உடனே ஓட வேண்டும், தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். ஒரு ஆட்டத்தை ஜெயித்த நேரம் பார்த்து நம்பரைக் கூப்பிட்டால் என்ன செய்வது? அதற்கு அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்று ஒரு பேரை மத்தியாஸிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பேர் சொன்ன ஆட்டத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவன் காசு போட்டால் சன்னலில் ஒன்று இரண்டாகும், அவன் ஆடத் தொடங்கினால் மறுபடி ஒன்றாகும். அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். யாரும் காவல் இருந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சுருளி மலைக்குத் திரும்பிப் போயிருந்தான். சன்னலில் ஒன்று நின்றது.

"உனக்குத்தான் விட்டுட்டுப் போனான், வெங்கிடு. அவன் எடுத்த புள்ளியைத் தாண்டிக் காட்டுன்னு சொல்லச் சொன்னான்" என்றார் மத்தியாஸ்.

"இருக்கட்டுங்கண்ணா. அடுத்த டிரிப்பு வரட்டும், அவன் கண்ணு முன்னால ஆடிக் காட்டறேன்" என்றேன்.

அடுத்த டிரிப்புக்கு அவன் வரவில்லை. அதே எஸ்டேட்டின் இன்னொரு டிரைவர் செல்லத்துரை வந்தான். வந்தவன் டீ கூடக் கேட்காமல் நின்றான்.

"சுருளி போயிட்டாம்ணே. குட்டிக்கானம் ஏத்தத்துல ஒரே மஞ்சு, ரோடே தெரியல. வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சுண்ணே."

மெஷின் பக்கம் போய் நின்றேன். ஆடினால் அந்த ஒன்றும் தீர்ந்துவிடும் என்று தோன்றியது, தொடாமல் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு தினமும் போவேன், பார்ப்பேன், டீ குடித்துவிட்டு வருவேன். விஷயம் டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காசு போட்டு ஆடுகிறவர்கள் அந்த ஒன்றைப் பத்திரமாக விட்டுவிட்டுப் போனார்கள். விஷயம் தெரியாத லாரி கிளீனர் ஒருவன் காசு போடாமல் ஆட்டம் தொடங்கும் பொத்தானில் கை வைத்தபோது நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

என் லீவு நாள் ஒன்றில் மத்தியானமே கடைக்குப் போனேன். மெஷினின் கதவைத் திறந்து பெரியமுத்து உள்ளே தலையை விட்டிருந்தான்.

"இனிமே மூணு குண்டுதானுங்க. கோயமுத்தூர்ல எல்லா எடத்துலயும் மூணாக்கியாச்சு. காசு அதே நாலணாதான், ஏத்தல" என்றான்.

"ரண்டு குண்டைப் புடுங்கிட்டு ஏத்தலைங்கறீங்களா?" என்று சண்டைக்குக் கிளம்பினேன். அப்போதுதான் சன்னலைப் பார்த்தேன். பூஜ்யம் நின்றது.

"அதுல ஒண்ணு இருந்துச்சே."

"ஓசி ஆட்டம் ஒண்ணு கெடந்துதுங்க. மூணு குண்டு சரியா விழுதான்னு அதை ஆடிப் பார்த்துட்டனுங்க."

"ஓசி இல்லீங்க. அவன் ஜெயிச்சது. செத்துப்போனவன் எனக்கு உட்டுட்டுப் போனதுங்க அது."

பெரியமுத்து மத்தியாஸைப் பார்த்தான். மத்தியாஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "டீ போட்டுக்கிட்டிருந்தேன், கவனிக்கலை வெங்கிடு" என்றார்.

பெரியமுத்து கெட்டவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவன் முகம் கறுத்துப்போனது. "அடக் கடவுளே, தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்று மெஷினுக்குள் கையை விட்டு எதையோ விரலால் நெம்பினான். சன்னலில் ஒன்று வந்தது. பிறகு இரண்டு, மூன்று. பத்து வரை நெம்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"பத்து வெச்சிருக்கறனுங்க. உங்க கூட்டாளி பேரைச் சொல்லி ஆடுங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க அழுதேன். ஒரு ஆட்டத்துக்காகச் சுருளி வேர்த்து விறுவிறுத்து நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது இவன் விரலுக்கு ஒரு நெம்பு. இவன் மனசார எனக்குப் பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டான், கொடுத்ததில் சுருளியுடையது எதுவுமே இல்லை. யாருடைய கழுத்தைப் பிடிப்பது?

"யாரு வேணா ஆடிக்கட்டும்" என்று மத்தியாஸிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் லாரிகள் சேர்ந்தன. காசில்லாமல் ஆடலாம் என்றதும் ஆளாளுக்கு ஆடினார்கள். மூன்று குண்டில் தீர்ந்துபோவதைப் பார்த்துக் கம்பெனியைத் திட்டினார்கள். வழக்கமாக நான் திட்டுகிற இடம் அது, அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்லத்துரையும் வந்தான். மத்தியாஸ் அவனைத் தனியே கூப்பிட்டு மத்தியானம் நடந்ததைச் சொன்னார். அவன் ஒரு ஆட்டம் ஆடி முடித்தபோது சன்னலில் ஒன்று நின்றது. பின்னால் நின்றவர்களைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அது ஒங்களுதுண்ணே" என்றான்.

"அது பெரியமுத்து வெச்சதுப்பா."

"யாரு வச்சா என்னண்ணே? இப்ப நாங்க விட்டுட்டுப் போறோம்." அதற்குள் அவன் நம்பரைக் கூப்பிட்டார்கள், ஓடினான்.

நான் எழுந்து போனேன். ஆட்டம் தொடங்கும் பொத்தானை அமுக்கினேன், ஒன்று பூஜ்யமானது. முதல் குண்டு நேராகக் குழிக்குப் போனது. இரண்டாவது கொஞ்சம் நின்று ஆடியது. மூன்றாவது குழிக்கு நேரே வரும்போது, என்னை அறியாமல் என் இடுப்பு மெஷினை லேசாகத் தள்ளியது. விளக்கு அணையவில்லை. குண்டு வழி மாறி மட்டைக்கு வந்தது, மேலே போனது, மணி அடித்தது. இத்தனை வருஷம் வராத தள்ளு. அதைச் சொல்ல ஆள் இல்லையே என்று நினைத்த நேரத்தில் குண்டு விழுந்துவிட்டது.

பழக்கத்தில் கை அடுத்த குண்டுக்காகக் கைப்பிடியை இழுத்துவிட்டது. ஸ்பிரிங் வெறுமனே அடித்தது. மறுபடி இழுத்தேன்.

"தீர்ந்துபோச்சு, வெங்கிடு" என்றார் மத்தியாஸ் அடுப்படியிலிருந்து.

"அவன் அஞ்சு குண்டு உட்டுட்டுப் போனானுங்கண்ணா" என்றேன்.