ரஷீத் வீட்டுக் கம்ப்யூட்டர்: முடிவுள்ள ஒரு கதை

1

தமிழ்ச் சிறுகதை நோயில் படுத்திருப்பதற்கு ஒரே காரணம், முடிவை வாசகரிடம் தள்ளிவிட்டு நழுவும் எழுத்தாளர்கள். ஆக்கிவைத்துவிட்டு, உப்பை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பவர்கள். இந்தக் கதைக்கு முடிவு உண்டு. 1987இல் தருமபுரியில், துணிக்கடை மஸ்தான் பாய் வீட்டு முன்னறையில் நடந்ததிலிருந்து பிறந்த கதை இது.

[எழுத்து இங்கே கொஞ்சம் ஆடியிருக்கும். மேசை சரியில்லை.]

2

முதல் தொடக்கம்: “மாலைச் சூரியன் மலைகளுக்குப் பின்னே...” வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: குவைத் மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டரை மஸ்தான் பாய் மகன் அப்துல் ரஷீத் டிவியோடு இணைத்தான். அதன் பின்பக்கம் சோப்புக்கட்டி அளவில் ஒரு மெமரிப் பெட்டி செருகியிருக்கும். சில சமயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும், அடித்ததெல்லாம் போய்விடும். கடைக்கு பில் போட ரஷீத் ஒரு புரோகிராம் எழுதி கேசட்டில் வைத்திருந்தான். அதை அப்பாவுக்கு ஓட்டிக் காட்டினால் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிப்பு. காட்டாவிட்டால் மாரண்டஹள்ளிக் கிளைக்கடை.

கோளாறு பார்க்க வந்தவன் கல்லூரித் தோழன் மாயவன். பிரின்சிபாலையே முகம் மாறாமல் கிண்டல் செய்தவன்.

“ஒவ்வொண்ணா கழிச்சுப் பாக்கணும்டா. மிஞ்சறதுதான் குத்தவாளி.”

அடாப்டரை மாற்றினான். ஒயரை மாற்றினான். டிவியைக்கூட மாற்றினான். ஒவ்வொரு தடவையும் மேசையடியில் காலை நீட்டி, ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்தான். உறைந்தது.

சமையலறையிலிருந்து ரஷீதின் அம்மா ஜான் பீ குரல் கொடுத்தார். “தம்பி, கால ஆட்டாதீங்க. வூட்டுக்கு ஆவாது.”

“ஆட்டலைன்னா ரத்தம் ஓடாதுங்கம்மா. சயின்ஸ்.”

“நீ இல்லாதப்ப நல்லாத்தான்டா ஓடுச்சு,” என்றான் ரஷீத்.

“நான் இல்லாதப்ப நடந்ததுக்கு யார்றா சாட்சி?”

3

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மஸ்தான் பாய் இரண்டு வியாபாரிகளோடு வந்து உட்கார்ந்தார். ரஷீத் தட்டினான். மாயவன் பக்கத்து நாற்காலியில். உறைந்தது. மறுபடி போட்டார்கள். உறைந்தது.

“என்னதான் தம்பி கோளாறு?”

மாயவனுக்கு நாக்கு அரித்தது. “எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சுங்க பாய். மாத்தாதது ஒங்க பையன் ஒருத்தனைத்தான்.”

வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ரஷீதும் சிரித்தான். (சிரித்தான் என்பது சரியில்லை. உதடு விரிந்தது.) மஸ்தான் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப மாத்திருவோம்,” என்றார்.

அடுத்த வாரம் ரஷீத் மாரண்டஹள்ளி பஸ் ஏறினான்.

4

கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்ட ஜான் பீ மாயவனைக் கூப்பிட்டார். கட்டுமுன் ஒருமுறை கேசட்டை ஓட்டினான். நின்றபடியே தட்டினான். பில் வந்தது. இன்னொரு பில். பத்துக் கெஜம் பாப்ளின், பிழையில்லாமல்.

உட்கார்ந்தான். கால் தன்பாட்டில் ஆடியது. திரை உறைந்தது.

“தம்பி, காலு!”

நிறுத்தினான். மறுபடி போட்டு, மெமரிப் பெட்டிமேல் கண்ணை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஆட்டினான். முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க, பெட்டி மெல்லத் தலையாட்டியது. உறைந்தது.

கழிக்காமல் விட்ட உருப்படி இன்னொன்றும் அந்த அறையில் இருந்திருக்கிறது.

5

இனி, வாக்களித்த முடிவு.

ஒன்று: மாயவன் போய் உண்மையைச் சொல்கிறான், ரஷீத் கட்டிப்பிடிக்கிறான். பொய்.

இரண்டு: ரஷீத் அறைகிறான். மாயவனுக்கு ஆசையான முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.

மூன்று: மாயவன் கடைவரை போகிறான். ரஷீத் துணி அளந்துகொண்டிருக்கிறான்.

“வாடா! என்ன வேணும்?”

“கர்ச்சீப் ஒண்ணு.”

ரஷீத் வெள்ளையாக ஒன்றை எடுத்து மடித்துக் கொடுக்கிறான். முகத்தைப் பார்க்காமல் கேட்கிறான்: “மிஷின்ல என்ன கோளாறுன்னு கடைசீல தெரிஞ்சுதாடா?”

மாயவன் வாயைத் திறந்து,

இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உப்பு அங்கேதான், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

[மேசை இப்போது ஆடவில்லை. முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.]