நாளைக்கும் கூப்பிடுங்க

ஃபீயக்ராவுக்கு எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் மூக்கை உறிஞ்சினார்கள். வடிவமைப்பு நிறுவனத்துக்கு முதலாளி ஆகிவிட்டான் அல்லவா, அந்த மிதப்பு. அவனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பதால் எனக்கு இந்த வாய்த்துடுக்கு. பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், ஏதோ போட்டிக்கு அனுப்பப்போகும் புது வேலையைக் காட்டுகிறேன் என்று சாண்ட்விச்சும் தேநீரும் வைத்து எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்திருந்தான்.

பழைய தொலைபேசிக் கூண்டு ஒன்றை வாங்கி டப்ளின் நடுவே ஓடும் லிஃபி ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தார்கள். அதன் நெற்றியில், ‘வீடில்லையா? எடுத்துப் பேசுங்கள்.’ போகிறவர் வருகிறவர் ரிசீவரை எடுத்தால் முன்பே பதிவுசெய்து வைத்த ஒரு பெண்குரல் கேட்கும்: “இன்னைக்கு ராத்திரி எங்க தூங்கப் போறீங்க? எத்தனை பேரு? சொல்லுங்க.” வீடுள்ளவன் ஒரு நிமிடமாவது வீடில்லாதவனாக நின்று பதில் சொல்லிப் பார்க்க வேண்டும், மனசு இளக வேண்டும், அதுதான் திட்டம். அவர்கள் சொல்வதெல்லாம் பதிவாகும்; பேசி முடித்ததும் அதே குரல், “குறிச்சுக்கிட்டோம். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுங்க” என்று சொல்லும். இந்தக் கடைசி வரி ஃபீயக்ராவின் சொந்த யோசனை. திரும்பி வருகிறவர்கள் கூடினால் நடுவர்களுக்குப் பிடிக்குமாம்.

“இப்ப நம்ம நட்சத்திரத்தைக் கேளுங்க, இது ஆரம்பத்துல வந்தது” என்று பொத்தானைத் தட்டினான்.

வயதான பெண்ணின் குரல். “நான்தான் கண்ணு, டிம்ப்னா. இன்னைக்கும் நானும் மாலக்கியும்தான், ரெண்டு பேரு. ஒண்ணா இருக்கிற மாதிரி இடம் கிடைச்சா புண்ணியமாப் போகும். இல்லேன்னா தனித்தனியா போட்டாலும் சரி.”

“தினமும் சாயங்காலம் வர்றா” என்றான் ஃபீயக்ரா. “புருஷனைக்கூடக் கற்பனை பண்ணிக்கிட்டா பாருங்க!”

“நாடகத்துல நடிச்சவளா இருப்பா” என்றார் யாரோ. மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு.

அடுத்த பதிவு. “மாலக்கிக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சும்மா. படியேற முடியல. கீழ்த்தளத்துல ஏதாவது இருந்தா பாரு. நேத்து நீ நாளைக்குக் கூப்பிடச் சொன்னே, அதான் கூப்பிட்டேன். கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாரு.”

சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டேன். இந்த ஊரில் படுக்க இடமில்லாதவர்கள் மாநகராட்சியின் இலவச எண்ணைத்தான் தினமும் கூப்பிட வேண்டும். அங்கேயும் இதையேதான் கேட்பார்கள்: எங்கே, எத்தனை பேர். அங்கேயும் இதையேதான் சொல்வார்கள்: பிறகு கூப்பிடுங்கள். வானொலியில் கேட்டுக் கேட்டு டப்ளினில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“ஃபீயக்ரா, இவ நடிக்கல.”

“என்னது?”

“படுக்கை கேக்குறாடா, முட்டாள்! நிஜமாவே கேக்குறா!”

“ஏசுவே, மரியே” என்றான் ஃபீயக்ரா. அவள் வருகிற நேரம்தான். கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

கூண்டுக்குள்தான் இருந்தாள். காலடியில் இரண்டு பைகள், காதில் ரிசீவர். என்னைப் பார்த்ததும், இதோ முடித்துவிட்டேன் என்று கை காட்டினாள்.

“அம்மா, இது அந்த நம்பர் இல்லம்மா. அந்தப் பக்கம் ஆளே இல்ல. வெறும் மெஷின்.”

“போம்மா, விளையாடாதே. பேசுறாளே! எங்க ஃபோனை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். இது இருக்கிறதாலதான் பொழைப்பு ஓடுது.”

இவளுக்கு என்னவென்று விளக்குவது? என் கைபேசியில் நிஜமான எண்ணைப் போட்டேன். வெகுநேரம் இசையைக் கேட்கவைத்த பிறகு ஒருவர் எடுத்தார். டிம்ப்னாவின் முழுப்பெயரை அவளிடமே கேட்டுச் சொன்னேன்.

“இவங்க வாரக்கணக்கா கூப்பிடவே இல்லையே. வேற இடம் கிடைச்சிருச்சுன்னு நினைச்சு பேரை எடுத்துட்டோம்.”

“தினமும் கூப்பிட்டிருக்காங்க சார்!” என்று கத்திவிட்டேன். யாரைக் கூப்பிட்டாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

“சரிங்க, சரி. சேர்த்துக்கலாம். எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்.”

டிம்ப்னா என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒருத்தர்னு சொல்லு கண்ணு.”

“மாலக்கி?”

“போன வாரம் போயிட்டாரு. அதோ, அந்தப் பாலத்தடியில. அன்னைக்கே இவகிட்டச் சொல்லிட்டேனே.”

கைபேசியில் அந்த மனிதர் “ஹலோ, எத்தனை பேருங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிம்ப்னா ரிசீவரை மெல்ல அதன் இடத்தில் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, அந்தக் குரலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கிசுகிசுத்தாள்.

“அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதம்மா. வேலை கீலை போயிடப் போகுது. இந்த ஊர்ல எங்ககிட்ட எரிஞ்சு விழாம பேசினது அவ ஒருத்திதான்.”