வளர்ச்சி பிளான்

அண்ணனும் தங்கையும் சேர்ந்து இரண்டு வண்டிகள் வைத்திருந்தார்கள். ஒன்று ஆம்புலன்ஸ், இன்னொன்று அமரர் ஊர்தி. அண்ணன் இரண்டையும் ஓட்டுவான். தங்கை ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து போனையும் வெப்சைட்டையும் கவனிப்பாள். நாலெழுத்துப் படித்தவள் என்ற திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, அதை அண்ணன் மறுத்ததும் இல்லை.

வெப்சைட்டை அவளே கட்டினாள். கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தால் இணையக் கடை தயாராகிவிடும் என்கிற கம்பெனிகளில் ஒன்றில்தான். முதலில் இலவச பிளான். காசில்லாமல் கிடைப்பதில் கம்பெனிக்காரன் தன் விளம்பரத்தைச் சொருகாமல் விடுவானா? ஒரு நாள் அமரர் ஊர்தி படத்துக்குக் கீழே கல்யாண உடை விளம்பரம் வந்து நின்றது, 'உங்கள் வாழ்வின் அழகான நாளுக்கு' என்று. அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றைக்கே அவள் 'தொடக்கம்' என்ற பிளானுக்கு மாறினாள்.

விளம்பரம் தொலைந்தது. ஆனால் அந்த பிளானில் ஒரே ஒரு சேவையைத்தான் போட முடியும். 'வண்டி வேண்டும்' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டு, புக்கிங் வந்ததும் இவள் போன் போட்டு எந்த வண்டி என்று கேட்பாள். பேஷன்ட்டா, பாடியா என்று கேட்பது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படி ஒரு நாள் ஒரு பெண்ணிடம் கேட்டாள். "காலைல வரைக்கும் பேஷன்ட்தாங்க" என்று பதில் வந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

அடுத்த பிளானின் பெயர் 'வளர்ச்சி'. நம்ம தொழிலில் வளர்ச்சி என்றால் என்னவென்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா என்று அண்ணன் சிரித்தான். அதில் இரண்டு சேவைகள், இரண்டு பொத்தான்கள். யாருக்கு எது தேவையோ அவர்களே அழுத்திக்கொள்வார்கள், தகவல் நேராக ஓட்டுநரின் போனுக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவள் அதற்கு மாறினாள். அமரர் ஊர்திக்குப் புதுசாக பெயின்ட் அடித்திருந்ததால் படம் பளிச்சென்று வந்தது. அதை முதலில் வைத்தாள். முன்பக்கம் நசுங்கிப்போன ஆம்புலன்ஸை இரண்டாவதாக வைத்தாள். கடைசியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு கட்டம் வந்தது. நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், படிக்காமல் 'சரி' என்பதை அழுத்தினாள். பழைய புக்கிங்குகள் எல்லாம் முதல் சேவைக்கு மாற்றப்படும் என்று அதில் போட்டிருந்தது.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தங்கைக்குப் போன் போட்டு, எதை எடுக்க என்று கேட்பான். அன்று சாயங்காலம் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தாள்.

"இனிமே என்னைக் கேக்காத. போன்ல எந்த வண்டின்னு வருதோ, அதை எடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

பழைய புக்கிங் என்று இருந்தது ஒருவருடையதுதான். அவரை லிஃப்ட் மாமா என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வந்தார். அதற்காக நிரந்தரமாக ஒரு புக்கிங். அவரும் அவர் மனைவியும் ஆம்புலன்ஸில் ஏறினால் அண்ணனுக்கு வழி முழுக்கச் சிரிப்புத்தான். அவர்களை மாமா, அத்தை என்றே அவன் கூப்பிடுவான்.

திங்கட்கிழமை காலை அவன் போனில் வந்தது: அமரர் ஊர்தி, லிஃப்ட் மாமா வீடு.

மாமா போய்விட்டார் என்றே நினைத்தான். தங்கைக்குப் போன் போடக் கை போனது, திட்டுவாளே என்று விட்டுவிட்டான். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். அத்தையிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினான். வீட்டு வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தான். வீட்டுக் கதவும் திறந்தது. குளித்து, தலை வாரி, டயாலிசிஸ் அறைக் குளிருக்கான போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி லிஃப்ட் மாமா நின்றார்.

வண்டியைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு இறங்கி வந்த எதிர்வீட்டுப் பெண் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை அவருக்குப் பின்னால் வந்து, வண்டியைக் கண்டு அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பிப் போய் ஆம்புலன்ஸை எடுத்து வர நேரமில்லை. முறை தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாமாவுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலை. அவர் அந்த வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆயுசு பூரா ஆளுங்களை மேலயும் கீழயும் அனுப்பினவன்டா நான். வா, கை குடு."

முன்சீட்டின் படி உயரம், வீங்கிய கால் ஏறாது. அதனால் பின்னால்தான் ஏற வேண்டியிருந்தது. உறவினர்கள் உட்காரும் பெஞ்சில் அவரும் அத்தையும் உட்கார்ந்தார்கள். நடுவில் கிடந்த காலி ஸ்டீல் படுக்கையைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரி வரை போனார்கள். தெருவில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து தங்கை ஆஸ்பத்திரிக்கு அடித்துப் பிடித்து ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். ஒத்திகை பார்த்தாச்சு என்று மாமா தேற்றினார். அத்தை அவள் பக்கமே திரும்பவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னாள்: "வாசல் வரைக்கும் வந்துட்டுதுப்பா. இனி அதுக்கு வழி தெரியும்."

தங்கை வரப்போகும் புக்கிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து கையாலேயே ஆம்புலன்ஸுக்கு மாற்றினாள். பிறகு ஒவ்வொரு தடவையும் தானே கூடப் போனாள். மாமாவை ஏற்றி, இறக்கி, போர்வையைப் போர்த்திவிடுவாள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவோ நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே வந்தார். இதயம் தளர்ந்துவிட்டது, வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. அத்தை ஒரு தடவை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஒரு மத்தியானம் அந்த வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் பொத்தானில் புக்கிங் வந்தது. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சைரன் அலற இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவசரமே இல்லை. உள்ளே மாமா தலை வாரிவிடப்பட்டு, நேராகக் கிடந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை ஆஸ்பத்திரி பிணவறையில் வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். அண்ணன் சிலிண்டரைக் கீழே வைத்தான்.  அந்த வண்டியை எடுத்து வரட்டுமா என்று தங்கை எப்படியோ கேட்டுவிட்டாள்.

"அதுல அவர் போயாச்சு" என்றாள் அத்தை. "உசுரோட உக்காந்து, அந்தப் படுக்கையைப் பாத்துக்கிட்டே போனார். இன்னொரு வாட்டி ஏத்த மாட்டேன். இதுலயே தூக்குங்க."

ஆம்புலன்ஸில் பிணத்தை ஏற்றுவதில்லை என்பது அவர்கள் ஷெட்டில் மாறாத விதி. அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

வழக்கமான அதே சாலை. பாதி வழியில் தங்கையின் போன் ஒலித்தது. வளர்ச்சி பிளான் தவறாமல் அனுப்பும் நினைவூட்டல்: நாளை காலை, லிஃப்ட் மாமா, ஆம்புலன்ஸ். இந்த முறை வண்டி சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் அடக்கமாட்டாமல் அழுதாள்.

"நாளைக்கு அவர் முறைதானே?" என்று அத்தை கேட்டாள்.

"ஆமா அத்தை."

"அந்த மெஷினை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. நீயும் வேற யாரையாவது ஏத்திக்கோ." மாமாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு மேலும் சொன்னாள். "எந்த வண்டின்னு கேட்டுட்டு அனுப்பும்மா."